கியோட்டோ மாப்பிள்ளை

“பெத்த பிள்ளை தலையெழுத்து. மாப்பிள்ளைன்னா பட்டு மாதிரி, தொட்டுப் பாத்து எடுக்கலாம்!” என்றார் ஒசாகா பட்டு வியாபாரி கிஹேய்.

வாடிக்கைக்காரர்களிடம் வாயடித்தே பொழுதைப் போக்கிய மகனை அவர் துரத்தி மூன்று வருடமாகிறது. இப்போது மகள் ஒமிட்சுவுக்கு வீட்டோடு மாப்பிள்ளை தேடினார்.

“கியோட்டோ கடை ஒண்ணுல சூசுகேன்னு ஒரு சிப்பந்தியாம். பேசியே மொத்தப் பட்டையும் வித்துடறானாம். அவனையே பேசி முடிங்க!” என்றார் கல்யாணத் தரகரிடம்.

போன தரகர் வெறுங்கையோடு திரும்பினார்.

“என் கடையே அவனுக்குத்தான்னு சொன்னீங்களா?”

“சொன்னேன். சிரிச்சாருங்க.”

“என்ன திமிரு! என் பொண்ணுக்கு என்ன குறைச்சலாம்?”

“குறையே இல்லையாம். சூசுகேங்கறது அந்தக் கடையில சேர்ந்தப்ப முதலாளி வெச்ச பேராம். ‘கூடப் பொறந்த தங்கச்சியை எப்படிக் கட்டிக்கறதுன்னு எங்கப்பாவையே கேட்டுட்டு வாங்க’ன்னாரு.”