லேசாக மடங்கிய லீவர்

தவமணியின் பழைய பந்தய சைக்கிளில், முன்சக்கரத்தின் அச்சுக்குள் நுழைந்த ஒரு கம்பிதான் சக்கரத்தைப் பிடித்திருந்தது. கம்பியின் ஒரு முனையில் லீவர், மறுமுனையில் நட்டு; லீவரை மடக்கினால் சக்கரம் இறுகும். விரல் பட்டதும் மடங்கும் லீவரை எல்லாரும் மெச்சினார்கள். அந்த மெச்சலில் அது பூரித்திருந்தது.

மலைப் பயணத்துக்கு முந்திய நாள், மெக்கானிக் சவரிமுத்து கம்பியை உருவித் துடைத்து, எண்ணெயிட்டு மாட்டினார்.

"அண்ணே, நான் அரைச் சுற்று இறுகிக்கொள்கிறேன். நீங்கள் கொஞ்சம் முரண்டு பண்ணுங்கள். அவர் உள்ளங்கையில் உங்கள் தடம் பதிய வேண்டும்" என்று லீவரிடம் சொன்னது நட்டு.

"போடா! கை வலித்தால் என்னைத் துருப்பிடித்த கிழம் என்பார்."

"லேசாக மடங்கினால் நாளை இறக்கத்தில் சக்கரம் கழன்றுவிடும், அண்ணே. தவமணி பள்ளத்தில் கிடப்பாள்."

லீவர் முன்சக்கரத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு, "இறுகு" என்றது.

சவரிமுத்து அழுத்தினார், லீவர் அசையவில்லை. பல்லைக் கடித்து மறுபடி அழுத்தியபோதுதான் மடங்கியது.

"சனியன்! இது முன்னே மாதிரி இல்லை" என்று சிவந்த கையை உதறினார். லீவர் மடங்கிய இடத்திலேயே இறுகப் பிடித்து நின்றது.

மறுநாள் தவமணி பாடிக்கொண்டே மலையிறங்கினாள். லீவரை அவள் ஒருமுறைகூட நினைக்கவில்லை.