பூட்டிய வீட்டுத் தோட்டம்

“பையன் ஒரு மாசமா வா வான்னு ஒரே பிடிவாதம். நாளைக்குக் கிளம்பறேன். திரும்பி வர ஒரு வாரம் ஆகும். செடிக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்திடறீங்களா?”

கீழ் வீட்டு டிரைவர் தோட்டத்துக் கேட்டின் சாவியை நீட்டினார். மாடி வீட்டுத் தையல்காரம்மா வாங்கிக்கொண்டாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போனபின் தனி ஆள். மகன் வீட்டுப் பயணத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

மறுநாள் அவர் வீட்டு ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. அவள் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே வந்துவிட்டாள்.

குளிர் விலகி, செடிகளுக்கு உயிர் வந்திருந்த நேரம். ரோஜாக் கிளைகளில் செந்நிறத் துளிர். தக்காளி நாற்றுகள் தலைதூக்கியிருந்தன. கல்யாணம் அமையாமலே ஐம்பதைத் தாண்டிவிட்ட அவளுக்கு வீட்டில் பேச ஆளில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் கழுத்து இறக்கத்தைச் சொல்வார்கள், எப்போது கிடைக்கும் என்பார்கள்; எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் தலையணை உறையையும் ஊசி நூலையும் எடுத்துவந்து, ஜன்னலுக்குக் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து பூவேலை செய்தாள். வெயில் பதமாக இருந்தது. ஓர் இலையை முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள், நூலகத்திலிருந்து எடுத்த தடித்த நாவலோடு வந்தாள். தண்ணீர் விட்டபின் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். தொலைந்துபோன தம்பியைத் தேடி ஊர் ஊராக அலையும் ஒருத்தியின் கதை. சோகமான இடங்களில் குரல் தானாக இறங்கியது. சிரிப்பு வந்தால் நிறுத்திச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

சைக்கிளில் வந்த தபால்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, யாருக்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டார். கேட்கிறவர்களுக்கு என்றாள். அவர் செடிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெடலை மிதித்தார்.

அதன்பின் தினமும் தையல் மிஷினுக்குச் சீக்கிரமே உறை போட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

வாரம் முடியப்போகிறது என்ற நினைப்பு அவளை என்னவோ செய்தது. சாவியைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் அந்த நான்கு சுவர்தான். கதையை முடித்துவிட வேண்டுமென்று அன்று மாலை வேகவேகமாகப் படித்தாள். வானம் இருட்டியதைக் கவனிக்கவில்லை. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

நாவலை மார்போடு அணைத்தபடி அவள் எழுந்தபோது ஜன்னல் திறந்தது. உள்ளிருந்து ஒரு கை குடையை நீட்டியது.

டிரைவர்தான். சவரம் செய்யாத முகம். அவளைப் பார்க்காமல் குடையைப் பார்த்தே பேசினார்.

“கிளம்பற நேரத்துல பையன் போன் பண்ணி, வர வேண்டாம்னுட்டான்மா. தெரு பூரா சொல்லிட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய வர்றதுன்னு உள்ளேயே இருந்துட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

அவள் குடையை வாங்கி விரித்தாள்.

“முதல்ல கதவைத் திறங்கண்ணா. ரெண்டாவது நாளே நீங்க இருமினது கேட்டுச்சு. இல்லேன்னா, தொண்டைத் தண்ணி வத்த நான் எதுக்குச் சத்தமாப் படிக்கப்போறேன்?”