அறுநூறு மங்கல் மீன்கள்

"இந்தக் கேமராவை நீங்களே வெச்சுக்கோங்க, செல்வராஜ். இது மீனை எடுக்கலை. பனிமூட்டத்தைத்தான் எடுக்கறது."

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டுடியோவில், வேதாந்தம் போட்ட சத்தத்தில், பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செல்வராஜின் முகம் சுருங்கிவிட்டது. பதினைந்து வருட ஸ்டுடியோவில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வேதாந்தத்துக்கு இந்தக் கிறுக்கு பிடித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்தில் அவருடைய நண்பர் செங்கல்வராயன் நடத்தும் ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்களும் விரல் விரலாக வளர்ந்த பவளமும் இருந்தன. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் அவற்றை மிக நெருக்கத்தில் படம் எடுத்துக் காட்டியதைப் பார்த்ததும், நாமும் எடுத்தால் என்ன என்று வேதாந்தத்துக்குத் தோன்றிவிட்டது. நல்ல படமாக ஒன்று கொடுத்தால் கூடத்துச் சுவரில் பெரிதாக மாட்டுவதாகச் செங்கல்வராயனும் வாக்களித்திருந்தார்.

செல்வராஜிடம் டிஜிட்டல் கேமரா வாங்கினார். பூ அடையாளம் போட்ட பொத்தானை அழுத்தினால் நாலு அங்குலத்தில் இருப்பதையும் எடுக்கலாம் என்று செல்வராஜ் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய், தொட்டியின் கண்ணாடியைத் துடைத்து, கூடத்து விளக்குகளை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் வேதாந்தம். மீன் முகத்தைக் காட்டுவது போல வந்து வாலைக் காட்டிவிட்டுப் போயிற்று. தன் வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கிறது என்று கறுப்புச் சட்டைக்கு மாறினார். பரிமாறுகிறவர் பயபக்தியோடு வந்து, மலைக்கு எப்போது போகிறீர்கள் சாமி என்று கேட்டார்.

எடுத்த ஒவ்வொரு படத்தையும் கேமராவின் சின்னத் திரையில் அங்கேயே பார்ப்பார். மங்கல். உடனே அழித்துவிடுவார். மனைவி சுந்தரவல்லியிடம் காட்ட ஒன்றுகூட மிஞ்சவில்லை. என்னைப் படம் எடுக்கச் சொல்வதும் அந்த மீனை மாடியேறச் சொல்வதும் ஒன்றுதான் என்று அவளிடம் சிரித்து மழுப்பினார். ஆறாவது வாரம் சிரிப்பு தீர்ந்து, பழி கேமராவின் மேல் விழுந்தது.

செல்வராஜ் பதிலுக்குக் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானும் கூட வருவதாகச் சொன்னார்.

வந்தார். தொட்டியின் முன் வேதாந்தம் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். வழக்கம் போல முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அழிக்கப் போனார். செல்வராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு சார் அழிக்கிறீங்க? ஒம்போதுல மீனு ஓடிப்போச்சு, அது சகஜம். மூணு படம் சூப்பராக் கீது."

விற்ற பொருளுக்குப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்தார் வேதாந்தம். செல்வராஜ் கேமராவை வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போய், திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மீனின் கண்ணைச் சுற்றிப் பொன்னிற வளையம் ஒன்று தெரிந்தது. அடுத்த படத்தில் பவளத்தின் நுனியில் கடுகளவு வாய்கள், பூப்போலத் திறந்திருந்தன. வேதாந்தம் ஆசையாக இரண்டடி முன்னே வந்தார். எல்லாம் கலங்கிப் போயிற்று. பின்னே போனார். தெளிந்தது.

"இதுவரிக்கும் எத்தினி அழிச்சிருப்பீங்க?"

"அறுநூறு இருக்கும்" என்றார் வேதாந்தம். சொல்லும்போதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேமரா சரியாகத்தான் இருந்தது, மீனும் சரியாகத்தான் இருந்தது என்பது மெல்ல உறைத்தது. ஸ்டுடியோவில் நாலு பேர் முன்னால் பேசியதும் நினைவுக்கு வந்தது. அதே நாலு பேரைத் தேடிப் பிடித்து அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார்.

செல்வராஜ் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"அதெல்லாம் வுடுங்க சார். இத்தப் போட்டுக்கினு பாருங்க. ரெண்டு வருசம் முன்னால, 'நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வரதுதான், இதுல வெக்கம் எதுக்கு'ன்னு சொல்லி, உங்க கண்ணாடிக் கடையில நீங்களே கண்ணு டெஸ்ட் பண்ணிக் குடுத்ததுதான்."