சாத்திய கதவு

'அரசாட்சி அறிமுகம்' என்ற பாடத்தில் தேறாதவருக்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் கிடையாது. மெர்லின் அந்தப் பாடத்தில் மூன்றாவது முறையாக உட்கார்ந்திருந்தாள். எண்ணூரில் கடல் ஏறி வரும் நாளெல்லாம் பேருந்து தாமதமாகும். பேராசிரியர் சிதம்பரநாதனோ ஒன்பது அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார். கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஈரச் செருப்போடு நின்று கெஞ்சுபவளைப் பார்த்து வகுப்பே சிரிக்கும்.

"சட்டம்னா சட்டம்மா," என்பார் அவர்.

செய்முறைத் தேர்வு வந்தது. மாணவர்கள் கொண்டுவரும் சட்டத்தை வகுப்பு நிறைவேற்றினால், அந்த அறையின் விளக்கும் விசிறியும் கதவும் அதற்குக் கீழ்ப்படியும். அதை ரத்து செய்வதற்கோ, கொண்டுவந்தவர் ரத்து செய்யும் நாளின் வருகைப்பதிவில் இருக்க வேண்டும். மெர்லின் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்:

"ஒன்பது மணிக்குச் சாத்தும் கதவு, வெளியே நிற்பவர் சம்மதித்தால்தான் திறக்கும்."

கை தூக்கினால் மதிப்பெண் உண்டு. அதனால் வழக்கம்போல் எல்லோரும் போனிலிருந்து தலை நிமிராமலே கை தூக்கினார்கள். பேராசிரியரும் கொட்டாவியோடு தலையாட்டினார்.

மறுநாள் மெர்லின் முதல் பேருந்திலேயே வந்து, வேண்டுமென்றே வாசலுக்கு வெளியே நின்றாள். ஒன்பது அடித்ததும் சிதம்பரநாதன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சாப்பாட்டு மணி அடித்தது. கதவு அசையவில்லை. சிரித்த முகங்களெல்லாம் கண்ணாடியில் வந்து அப்பின.

"திறக்கச் சொல்லும்மா, எனக்கு சுகர். மயக்கமா வருது," என்று உள்ளிருந்து கெஞ்சினார் பேராசிரியர்.

மெர்லின் சமோசாவை நிதானமாகக் கடித்தாள்.

"ஓட்டுப் போட்டு மாத்திக்கலாமே சார். ஆனா அதுக்கு நான் வருகைப்பதிவுல இருக்கணும். நீங்கதான் காலையிலேயே எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டீங்களே!"