இரண்டாவது துண்டு

அண்ணியின் கன்னத்தில் இருந்ததை எல்லோரும் பழைய தழும்பு என்றார்கள். தோல் டாக்டரான நாத்தனாருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

நான்காம் நாள் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"நீங்க நெனச்சது சரிதான், டாக்டர். தழும்பு மாதிரியே வர்ற அபூர்வமான தோல் புற்றுநோய். ரெண்டு துண்டுலயும் இருக்கு."

"ஒண்ணுதானே அனுப்பினேன்?"

"பாட்டில்ல ரெண்டு இருந்துச்சே. ஒண்ணு கன்னத்துத் தோல். இன்னொண்ணு தலைத் தோல்."

அவள் அண்ணியை வரவழைத்துத் தலை முழுக்கத் தேடினாள். ஒரு கீறல்கூட இல்லை.

"உனக்கு ஏம்மா இப்படி வேர்க்குது?" என்று அண்ணி அவள் கூந்தலை ஒதுக்கினாள். கை அப்படியே நின்றது.

"இங்க எப்போ தையல் போட்டே?"

அவள் தொட்டுப் பார்த்தாள். மூன்று தையல்கள். அந்த இடம் இன்னும் மரத்தே இருந்தது.