பன்னிரண்டு மணிக் கரண்ட்

டியூப்லைட் மங்கலாக எரிந்தது.

ஸ்ரீதேவி கையிலிருந்த வரைபடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கலவை மெஷினின் டிரம்முக்குள் சாராள் இருந்தாள். மின்வெட்டில் நின்றுபோய், உள்ளேயே இறுகிவிட்ட கலவையை உளியால் கொத்திக்கொண்டிருந்தாள்.

மெஷினின் சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை.

சாராளின் புருஷன் பெஞ்சமின் மட்டும் பதறவில்லை. வாயிலிருந்த பீடியைக்கூட எடுக்கவில்லை.

மெஷினின் ஃபியூஸ் கட்டை அவன் சட்டைப்பையில் இருந்தது.

பத்து மணிக்குக் கரண்ட் போனதுமே பிடுங்கிவிட்டான். பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தாலும் மெஷின் ஓடாது. இது உதவாது என்று எஞ்சினியரம்மா ஸ்ரீதேவி முடிவுகட்டுவாள். முட்டுக்காட்டில் எழும்பும் இந்த ஓட்டலுக்கு அவன் ஓட்டிய பழைய டீசல் மெஷின் நாளைக்கே திரும்பி வந்துவிடும்.

பதினோரு வருஷம் டீசல் மெஷின் ஓட்டியவன். ஹேண்டிலைச் சுற்றி அதைக் கிளப்ப அந்தக் கரையில் அவனை விட்டால் ஆள் கிடையாது. புகை வேண்டாம், உப்பங்கழியில் டீசல் கலக்க வேண்டாம் என்று போன வாரம் ஸ்ரீதேவி இந்தக் கரண்ட் மெஷினை இறக்கினாள். பட்டனை அழுத்தினால் சுற்றும்.

சித்தாளே தட்டிவுட்டா ஓடுது, உன்ன இன்னாத்துக்கு வெச்சிகினு கீறாங்க அண்ணாத்த என்று எலக்ட்ரீஷியன் தாமோதரன் கிண்டலடித்தது அவனுக்குத் தூக்கத்திலும் கேட்டது.

சாராளிடம் கலவையைக் கொத்தச் சொல்லிவிட்டு, தைரியமாக டீக்கடைக்குப் போய் இப்போதுதான் திரும்பியிருந்தான்.

ஸ்ரீதேவி சல்லிக் குவியலில் தடுக்கி விழுந்தாள். பயப்படாதீங்க மேடம், அது ஓடாது என்று சொல்ல வாயெடுத்தான்.

வோல்டேஜ் ஏறி டியூப்லைட் பளிச்சென்றானது. டிரம் சுற்றியது.

உள்ளே உளி இரும்பில் மோதுகிற சத்தம். பிறகு சாராளின் சத்தம்.

பெஞ்சமினின் கால் நகரவில்லை. டீசல் மெஷின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவான். இதை நிறுத்தும் பட்டன் எது என்று அவன் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.

ஸ்ரீதேவிதான் எழுந்து ஓடி, பட்டனை அடித்தாள்.

சாராளை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஸ்ரீதேவி ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். அடுத்த போனில் மெஷின் வாடகைக்கு விடுகிறவரிடம், இந்த மெஷினைக் கொண்டுபோய்விடுங்கள், பழையதையே அனுப்புங்கள் என்றாள்.

சிமெண்ட் சாக்கின் மேல் கிடந்த சாராள், இடது கையால் புருஷனைக் கிட்டே இழுத்தாள். யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

"நீ டீ குடிக்கப் போனப்ப பாத்தேன், பீஸ் கட்டயக் காணோம்யா. தொலஞ்சிதுன்னு தெரிஞ்சா உன் வேலதான போவும்? தாமோதரன் அண்ணன்கிட்ட கெஞ்சி, கட்ட இருந்த எடத்துல கம்பி சுத்தி வெக்கச் சொல்லிட்டுத்தான் உள்ள எறங்கினேன். நீ ஒண்ணும் பயந்துக்காத."