நல்ல தண்ணீர்

கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு வெள்ளைக் காது மூழ்கிக் கிடந்தது. சேர்மக்கனியின் மகள் ஒரு காது இல்லாமல் பிறந்தவள், இது அவளுக்கானது. பாலிமர் கூழில் உப்புப் பரல்களைக் கலந்து, காது அச்சில் வார்த்து, இறுகியதும் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள் ஜெனிட்டா. உப்பு கரைந்து வெளியேறினால் அது இருந்த இடமெல்லாம் துளையாகும். துளைகளில் குழந்தையின் சொந்தச் செல்கள் குடியேறும்.

"நாங்க தண்ணிய விரட்டி உப்ப எடுக்கோம். நீங்க உப்ப விரட்டத் தண்ணி ஊத்துதீங்க. நல்லாருக்கு டாக்டரம்மா," என்று சிரித்தார், உப்பளத்தில் வேலை செய்யும் சேர்மக்கனி.

ஜெனிட்டா சிரிக்கவில்லை. மூன்று நாளாகக் காதின் எடை குறையவேயில்லை. உடைந்துவிடக் கூடாதே என்று உப்பைக் குறைத்துப் போட்டது அவள்தான். பரலும் பரலும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் தண்ணீருக்கு உள்ளே போக வழி. இந்தக் காதுக்குள்ளோ ஒவ்வொரு பரலும் தனித்தனியாக அடைபட்டிருந்தது. வளர்த்து வைத்த செல்கள் நாளைக்கு மேல் தாங்காது. மறுபடி எடுக்கக் குழந்தையிடம் குருத்தெலும்பு மிச்சமில்லை.

"அண்ணாச்சி, ஒரு விஷயம்..." என்று தொடங்கினாள்.

அதற்குள் அவர், காது ஊறிய தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"நல்ல தண்ணியாட்டம்லா இருக்கு! உப்பு பூராவும் போயிட்டு!"

உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "ஏளா, ஒன் காது ரெடி. இந்தா, டாக்டரம்மாவே சொல்லுவாங்க."

ஜெனிட்டா போனை வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் குழந்தை மூச்சுவிடுவது கேட்டது.